மணல் வந்தால்தான் கொடி வரும்

புதுச்சேரி காந்தி சிலைக்கு எதிரே கருங்கல்லில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்களில் பலருக்கு, அங்கே ஒரு காலத்தில் மணல் விரிந்து கிடந்தது தெரியாது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. கல் கொட்டக் கொட்ட, அரிப்பு கோட்டக்குப்பம் பக்கம் தள்ளிப்போனதுதான் மிச்சம்.

மணல்மேட்டில் செடி தானாக வளர முதல் தேவையே இந்த மணல் வரத்துதான். இராவணன் மீசைப் புல்லை மணல் மூட மூட, தண்டை நீட்டி மேலே வரும். புதைந்த கணுவில் வேர் விடும். அடப்பங்கொடியும் அப்படித்தான். விதைக்குப் பஞ்சமில்லை. இராவணன் மீசையின் முள் பந்து காற்றில் உருண்டபடி விதை சிந்தும். அடப்பன் விதை கடலில் மிதந்து வரும். ஆனால் அதன் தோல் கெட்டி. மணலில் உரசித் தேய்ந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறினால்தான் முளைக்கும். பங்குனி வெயிலுக்குள் வேர் கீழே உள்ள ஈர மணலை எட்டியாக வேண்டும். அதற்குள் வண்டிச் சக்கரமோ மாட்டுக் குளம்போ ஏறினால் அந்த ஆண்டு முளைப்பு போச்சு.

சவுக்கு காற்றைத் தடுக்கும், காசும் தரும். ஆனால் அதன் சருகு மெத்தைபோலப் படிந்துவிடும். மேலே விழுகிற விதை மணலைத் தொடுவதில்லை. கடலைப் பார்த்த முதல் மேட்டைக் கொடிக்கு விட்டுவிட்டு, சவுக்கை அதற்குப் பின்னால் நடலாம்.

கரையோர விவசாயிக்கு இது கிணற்றுப் பிரச்சினை. மேட்டில் இறங்கும் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பு அண்டாது என்பது பொதுவான கணக்கு. மேட்டை வெட்டி அந்த ஓரடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நகரக் கரையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியிருக்கிறது. தினமும் அத்தனை கால்கள் மிதிக்கிற இடத்தில் கொடியை எதிர்பார்க்க முடியாதுதான். மேட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மழை பிடித்ததும் அடப்பங்கொடியை முழ நீளத்துக்கு நறுக்கி, இரண்டு மூன்று கணு புதையும்படி ஈர மணலில் பதித்தால் போதும். சுற்றிலும் பனை மட்டையால் ஒரு படல் கட்டிவிட்டால் மாடு ஏறாது. அடித்து வரும் மணலும் அங்கேயே தங்கும்.