படகின் ஹாரன்



தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் நம் மருத்துவப் படகுக்குப் புது ஹாரன் எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பனிமூட்டத்தில் ஓடும் இயந்திரப் படகு, 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் 4 முதல் 6 விநாடி நீளும் ஒலி எழுப்பவேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. சிறு படகுகளுக்குச் சலுகை உண்டு. ஆனாலும் ஏதாவது ஒரு வகையில் ஒலி எழுப்பியே ஆகவேண்டும். விளக்கில்லாத வள்ளங்கள் நிற்கும் கடலில் இது உயிர்ப் பிரச்சினை.

ஹாரனுக்குள் இருப்பது ஒரு மின்காந்தமும் மெல்லிய இரும்புத் தகடுமே. உப்புக்காற்று இரண்டையும் விடாது. ஆனால் சத்தம் நின்றவுடன் ஹாரனைத் தூக்கி எறிவது வீண்செலவு. முதலில் பாட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஒலித்தால் பழுது ஒயரிலோ சுவிட்சிலோ பியூஸிலோதான். பச்சை பூத்த முனைகளை வெட்டிச் சுரண்டி இணைத்தாலே பெரும்பாலும் சரியாகும். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் பின்புறத் திருகைச் சற்றுத் திருப்பிப் பார்க்கலாம். நம் ஹாரனிலோ தகடே துருவேறி ஓட்டை விழுந்திருந்தது.

மோட்டார் சைக்கிள் ஹாரன் மலிவுதான், கடலில் நிலைக்காது. ஆகவே துருப்பிடிக்காத எஃகு ஹாரனும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும் உங்கள் காணிக்கையிலிருந்து வாங்கினோம். தண்ணீர் தங்காதபடி வாய் சற்றே கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டுள்ளது. பாட்டரி இறங்கினால் உதவ, வாயால் ஊதும் விசில் ஒன்றும் படகோட்டியிடம் இருக்கிறது.