ஒளிப்படத்தில் பொழுது: எச்.டி.ஆர். நிலக்காட்சிகளும் மெய்யான ஒளியும்

நிலத்தையும் பொழுதையும் ஒன்றாகச் சேர்த்தே முதற்பொருள் என்றனர் நம் இலக்கண ஆசிரியர்கள். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் எனத் தொல்காப்பியம் வகுத்த முறையை மாணவர் அறிவர். பொழுதை நீக்கிவிட்டால் நிலம் அரைகுறையாகவே எஞ்சும் என்பது இதன் உட்கருத்து. இலக்கியத்துக்கென வகுக்கப்பட்ட இம்முறையை நாம் இங்கு ஒளிப்படத்துக்குப் பொருத்திப் பார்க்க விழைகிறோம். எச்.டி.ஆர். என வழங்கும் நிலக்காட்சிப் படங்கள் இன்று பலருடைய கைப்பேசிகளிலும் நிறைந்துள்ளன. அவற்றுள் பலவற்றை நோக்கும்போது இடம் தெரிகிறது, பொழுது தெரிவதில்லை. படம் பொய்யாய்த் தோன்றுவதற்கு முதன்மையான காரணம் இதுவே என்பது நம் கருத்து.

சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கமாகிய மெக்ரிட்சியின் கரையில் வைகறையில் நிற்பதாகக் கொள்வோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் விடியல் நீடிப்பதில்லை. வானம் வெளுக்கத் தொடங்கியபின் அரைமணி நேரத்துக்குள் கதிரவன் எழுந்துவிடுகிறான். கீழ்வானம் கண்கூசும்படி ஒளிர்கிறது. எதிர்க்கரை மரங்களின் அடியிலோ இன்னும் இரவு தங்கியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாடு பல்லாயிரம் மடங்கு. நம் கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகரும்போதே தன்னைச் சரிசெய்துகொள்வதால் இரண்டையும் காண்கிறோம். ஒளிப்படக்கருவிக்கு அந்த வாய்ப்பில்லை. வானத்துக்கேற்ப அளவை அமைத்தால் மரங்கள் கரிக்கட்டையாகின்றன. மரங்களுக்கேற்ப அமைத்தால் வானம் வெள்ளைத்தாளாகிறது.

இத்தொல்லை ஒளிப்படக்கலையின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடற்காட்சிகளைப் படமெடுத்தார். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக இசைந்தமையால் வானம் வெளிறிப்போகும். அவர் வானத்துக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடற்படங்களில் காணப்படுவது சுவையான செய்தி. இன்றைய எச்.டி.ஆர். முறையின் பாட்டனார் இவரே எனலாம். ஆனால் கணிப்பொறி வழியாக இம்முறை உறுதிபெற்றது 1990களிலேதான். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளிபடும் நேரங்களில் பல படங்களாக எடுத்து, அவற்றிலிருந்து காட்சியின் மெய்யான ஒளி விகிதங்களை மீட்டெடுக்கும் வழியைப் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினர்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இவ்வாறு மீட்கப்பட்ட தரவில் பொய் ஏதுமில்லை. வானம் மரத்தடியைவிட எத்தனை மடங்கு ஒளிமிக்கது என்பது அதில் சரியாகவே பதிந்திருக்கும். சிக்கல் அதனைத் தாளிலோ சாதாரணத் திரையிலோ காட்ட முற்படும்போது எழுகிறது. நல்ல பளபளப்புத் தாளிலும் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கை ஒட்டியதே. சொரசொரப்பான தாளில் அதனினும் குறைவு. பல்லாயிரம் மடங்கை நூறு மடங்குக்குள் அடக்க வேண்டும். இவ்வடக்கும் வேலையை நாம் ஒளிச்சுருக்கம் எனக் குறிப்போம். ஒளிமிகு திரைகள் பெருகிவருவதால் சுருக்க வேண்டிய அளவு குறைந்துவருகிறது. எனினும் தாளில் அச்சிடும் வரையில் இதற்கு விலக்கில்லை.

சுருக்குவதற்கு இரு வழிகள் உள்ளன. படம் முழுவதையும் ஒரே அளவுகோலால் சுருக்குவது ஒன்று. இதில் எது எதைவிட ஒளிமிக்கது என்னும் வரிசை குலையாது. ஆயினும் படம் சற்று மங்கித் தட்டையாகத் தோன்றும். ஒவ்வொரு பகுதியையும் அதன் அண்டைப் பகுதிகளோடு மட்டும் ஒப்பிட்டுச் சுருக்குவது மற்றொன்று. இதில் இலையின் நரம்பும் மேகத்தின் மடிப்பும் துலங்கும். கண்ணைக் கவரும் எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் இவ்வழியில் பிறந்தவையே. அளவோடு கையாண்டால் இது சிறந்த கருவி. அளவு மீறினால் முதலில் குலைவது ஒளியின் வரிசை. வானம் நிலத்தைவிட இருண்டுவிடும்; மரங்களின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு ஒன்று ஒட்டிக்கொள்ளும்; நிழல் தன் இயல்பை இழந்து வெறும் மங்கிய வெயிலாகிவிடும்.

வானம் இருள்வது ஏன் பொய்யாகிறது? மேகமூட்டமான நாளில் நிலத்துக்கு ஒளி தருவதே வானந்தான். புல்லும் மண்ணும் தம்மேல் விழும் ஒளியில் சிறு பகுதியையே திருப்பித் தருவன. எனவே கொடுப்பதைவிடப் பெறுவது ஒளிமிக்கதாகத் தோன்ற வழியில்லை. இதற்கு விலக்கும் உண்டு: ஒருபுறம் வெயில் அடிக்க, மறுபுறம் கருத்த மழைமேகம் திரண்டிருக்கும் பிற்பகலில் நிலம் வானத்தை உண்மையாகவே விஞ்சும். அதன் அழகே அந்த அருமையில் உள்ளது. எல்லாப் படத்திலும் அவ்வாறு காட்டினால் அதற்குப் பொருளில்லை.

நீர்நிலை இருக்கும் படத்தில் மெய்ம்மையைச் சோதிப்பது எளிது. நீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்புவதில்லை. நேர்கீழாக நோக்கும்போது ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கே திரும்புகிறது. சாய்ந்து நோக்க நோக்க அப்பங்கு கூடும். எனினும் முழுமையை எட்டாது. ஆகவே மேகத்தின் நிழலுரு மேகத்தைவிடச் சற்றேனும் மங்கலாக இருத்தல் வேண்டும். மெக்ரிட்சிப் படத்தில் நீரிலுள்ள மேகம் வானத்து மேகத்தைவிட ஒளிர்ந்தால், படத்தைச் செய்தவர் கை மீறிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

நிறத்தின் கதை இன்னும் நுட்பமானது. குறைந்த ஒளியில் நம் கண் நிறங்களை நன்கு பிரித்தறிவதில்லை. சிவப்பு முதலில் கருக்கிறது. நீலமும் பச்சையும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கின்றன. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைக் குறித்தார். விடியலில் மரத்தடிப் பூச்செடியின் சிவப்பை நாம் காண்பதில்லை. ஒளிப்படக்கருவியோ நீண்ட நேரம் திறந்திருந்து அச்சிவப்பைத் திரட்டிவிடுகிறது. அதனை வெளிச்சமாக்கிப் படத்தில் வைத்தவுடன் வைகறை நண்பகலாகிவிடுகிறது. நிழற்பகுதியைத் தூக்கும்போது அதன் நிறச்செறிவைச் சற்றுக் குறைப்பதும், வெயில்படாத நிழலுக்கு வானம் தரும் மெல்லிய நீலச்சாயலை அழிக்காமல் விடுவதும் இதனாலேயே தேவைப்படுகின்றன.

அதற்காக நிறத்தைக் கூட்டுவதே குற்றம் என்பாரோடு நாம் உடன்படவில்லை. வெளிச்சம் மிகுந்தால் அதே நிறம் கண்ணுக்குச் செறிவாகத் தோன்றும், குறைந்தால் வெளிறும். வெட்டவெளியில் கண்ட தேயிலைத் தோட்டத்தின் பசுமையை அறைக்குள் தாளில் காண்கையில், சிறிது செறிவு சேர்த்தால்தான் கண்டது கண்டவாறு தோன்றும். கேமரன் மலையில் எடுத்த படத்துக்கு இது பொருந்தும். ஆனால் பசுமையைக் கூட்டும் அதே கையசைவில் வானமும் நீலமாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். நம் பகுதியின் நண்பகல் வானம் ஈரப்பதத்தாலும் நுண்துகள்களாலும் வெளிறியே பெரும்பாலும் இருக்கிறது. அதில் ஆழ்ந்த நீலத்தைக் குழைத்துப் பூசினால் அது வேறொரு நாட்டு வானமாகும். மாணவர் படங்களில் நாம் மிகுதியாகக் காணும் பிழை இது. அவர்களைவிட, கேளாமலே திருத்தும் கைப்பேசிகளுக்கே இதில் பங்கு மிகுதி.

கதிரவன் மறையும் காட்சியில் வேறொரு பிழை நேரும். அங்கே சிவப்பொளி மிகுதியாதலால் உணரியில் சிவப்பு முதலில் நிரம்பி வழிகிறது. பச்சை அதன்பின்னும் ஏறிக்கொண்டே போவதால் செவ்வானம் மஞ்சளாகிறது. இதற்கு மருந்து பிற்பாடு நிறம் பூசுவதன்று. படமெடுக்கும் வேளையிலேயே வானத்துக்கென ஒளி குறைந்த படம் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்வதே.

கலைஞர் தம் மனம்போல் பொழுதை மாற்றலாகாதா என்னும் கேள்வி எழக்கூடும். மாற்றலாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் நிலவெழுச்சியைப் படமெடுத்தார். அது கதிரவன் சாய்ந்துகொண்டிருந்த வேளை. பின்னாளில் அதே படத்தை அச்சிடுந்தோறும் வானத்தை மேலும் மேலும் கருமையாக்கினார். மாலை இரவாயிற்று. ஆயினும் அவ்விரவுக்குள் நிலவு, மேகம், சிலுவைகள், நிலம் ஆகியவற்றின் ஒளி ஒன்றோடொன்று இசைந்தே நிற்கிறது. அவர் ஒரு பொழுதைத் தேர்ந்து மறுபொழுதாக்கினார். பொழுதே இல்லாமல் செய்யவில்லை.

வகுப்பறையில் இதனைச் செய்து பார்க்கலாம். மாணவர் எடுத்த நிலக்காட்சிப் படங்களைச் சுவரில் ஒட்டி, அவ்விடத்தைக் காணாத பிறரிடம் இது எந்நேரம் என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரே படத்துக்கு ஒருவர் காலை ஏழு மணி என்றும் மற்றொருவர் நண்பகல் என்றும் சொன்னால், அப்படத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு, நிழலைச் சிறிது சிறிதாக இறக்கி, வானத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, மறுபடியும் சுவரில் ஒட்டிக் கேட்க வேண்டும்.