தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு

எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் பிள்ளைக்கு வலிப்பு வருகிறது என்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களிலிருந்து வரும் பெற்றோர் எங்களிடம் கூறுவதுண்டு. காற்றுக் கறுப்பு பட்டதோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருக்கும். இது வெந்நீர் வலிப்பு என்னும் மூளை நோய். 1945ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய் தென்னிந்தியாவில், குறிப்பாக மைசூர் வட்டாரத்தில், மிகுதியாகக் காணப்படுகிறது. நல்ல சூடான நீரைச் செம்பு செம்பாகத் தலையில் விரைந்து ஊற்றிக்கொள்வதே தூண்டுதல். சிலருக்கு அப்போது ஒருவித இன்ப உணர்வு தோன்ற, நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. அதுவும் நோயின் கூறே.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மருத்துவர் சதீஷ்சந்திரா குழுவினர் 1990களில் எலிகளின் மீது வெந்நீரைச் செலுத்தி இதனை ஆராய்ந்தனர். உடல் வெப்பம் ஒரு வரம்பைக் கடந்ததும் எலிகளுக்கு வலிப்பு வந்தது. திரும்பத் திரும்பச் செய்தபோது முன்னைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வலிப்பு தொடங்கியது. நீடிக்கும் நேரமும் கூடியது.

இதன் வேதியியலை அறிய வேறு சோதனைகள் உதவுகின்றன. மூளையில் குளூட்டமேட் நரம்பணுக்களைத் தூண்டுகிறது. காபா அவற்றை அடக்குகிறது. காபாவின் பிடி தளர்ந்தால் பெருந்திரளான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழும். பென்டிலீன்டெட்ரசால் என்னும் பொருள் காபா ஏற்பிகளின் வேலையைத் தடுப்பதால், அதைச் செலுத்திய எலிக்கு வலிப்பு வருகிறது. புதிய வலிப்பு மருந்துகளை இன்றும் இம்முறையில் சோதிக்கின்றனர். 1934இல் புடாபெஸ்ட் நகரில் மெடுனா என்ற மருத்துவர், மனநோய்க்குச் சிகிச்சையாக வலிப்பை வரவழைக்க முதலில் பயன்படுத்தியது கற்பூரம். பின்னரே இப்பொருளுக்கு மாறினார். பூசை அறைக் கற்பூரம் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆயினும் இந்நோயாளிகளில் சிலருக்குப் பின்னாளில் குளிக்காத வேளையிலும் வலிப்பு வருகிறது. ஆகவே, 'குளிக்கும்போது மட்டும்தானே' என்று விட்டுவிடுவது சரியன்று.

வெதுவெதுப்பான நீரே போதும். தலையில் வேகமாக ஊற்றாமல், துணியை நனைத்துத் துடைத்துக் குளிக்கலாம். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம். இவை போதாதவர்களுக்கு, தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பாகக் குளோபசாம் மாத்திரை தருகிறோம். எலியில் தளர்ந்த அதே காபாவின் பிடியை இம்மாத்திரை வலுப்படுத்துகிறது. அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தூக்கக் கலக்கம் வரலாம் என்பதால், மாத்திரை உட்கொண்ட அன்று வண்டி ஓட்டுவது கூடாது. குளியலின்றியும் வலிப்பு வருவோருக்குத் தினசரி மருந்து தேவை. அதை இடையில் தாமாக நிறுத்தலாகாது.