திராட்சைக் கொடியில் இலை கிள்ளுதல்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிட்டுப் பயிராகும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும் இக்கொடி, இங்கு ஆண்டு முழுதும் தழைத்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் கோடைப் பழமும், மே, ஜூனில் செய்தால் மழைக்காலப் பழமும் கிடைக்கும். கவாத்துக்குப் பின் பந்தல் அடர்ந்து இருளடைந்தவுடன், வெயில் பட்டால் பழம் விரைவில் பழுக்குமென்றெண்ணி இலைகளை உருவிவிடுவோர் உண்டு. இதனால் விளையும் நன்மை தீமைகளைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

இலையின் தொழில்

பழத்திலேறும் சர்க்கரை இலையில் உண்டாவதே. இளந்தளிர் தன் முழு அளவில் ஏறக்குறைய பாதி வளரும் வரையில் பிற இலைகளிடம் கடன் வாங்கியே பிழைக்கிறது. முற்ற விரிந்த இலையே கொடியைப் போஷிக்கிறது. மஞ்சளித்த முதிய இலையால் பயன் சொற்பம். ஒரு கிலோ பழம் நன்கு பழுக்கச் சுமார் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு வேண்டும். அதாவது குலையொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நல்ல இலைகள் எனக் கொள்ளலாம்.

கிள்ளும் காலம்

பூக்கும் தருணத்தில் பூங்கொத்துக்கு உணவளிப்பவை அடியிலைகளே. அப்போது அவற்றை நீக்கினால் பிஞ்சு பிடிப்பது குறையும். இத்தாலி முதலிய தேசங்களில், நெருங்கிய குலைகளுள்ள மதுத் திராட்சை ஜாதிகளில் அழுகலைத் தடுக்க இதனையே உபாயமாகக் கையாளுகின்றனர். எடைக்கு விற்கும் பழத்துக்கோ இது நஷ்டம். குலை நெருக்கமாயிருப்பின், காய்கள் பட்டாணி அளவாகும்போது ஐந்தில் ஒரு பங்கைக் கத்தரித்து நீக்குவதே தக்க முறை.

பிஞ்சு பிடித்தபின், குலையில் உராயும் இலைகளையும், நோய் கண்டவற்றையும், நிழலில் பழுத்தவற்றையும் மட்டும் காம்போடு கிள்ளலாம். இதனால் காற்றோட்டம் உண்டாகிச் சாம்பல் நோயும் அழுகலும் குறையும். மருந்து குலையில் நன்றாய்ப் படியும். பழத்தோலில் உராய்வுத் தழும்பும் ஏற்படாது. பக்கத் தளிர்களையும் பற்றுக் கம்பிகளையும் அவ்வப்போது கிள்ளிவந்தால், பின்னர் இலைகளை மிகுதியாய் எடுக்க நேரிடாது. நோயுற்ற இலைகளைப் பந்தலடியிலேயே போட்டுவைத்தல் கூடாது.

மிஞ்சினால் வரும் கேடு

இலைகளை அளவுக்கு மீறி உருவினால் சர்க்கரை குறைந்து பழம் புளிக்கும், பழுப்பதும் தாமதமாகும். திடீரென வெயில் தாக்கிய காய்கள் வெந்து சுருங்கும். இதனினும் பெரிய நஷ்டம் கண்ணுக்குப் புலப்படாதது. அடுத்த போகத்துக்குரிய பூங்கொத்துக்கள் இக்கிளைகளின் கணுமொட்டுக்களிலேயே இப்போது உருவாகின்றன. அவற்றுக்கு வெளிச்சமும் வேண்டும், இலை தரும் உணவும் வேண்டும். தண்டிலும் வேரிலும் சேமிப்புக் குறைந்த கொடி மறுகவாத்தில் தளிர்க்குமேயன்றிக் காய்க்காது. அப்போது எருவையும் மழையையும் குறை கூறுவதில் பயனில்லை.

ஆகையால் பந்தலின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கையில், தரையில் வெயிற்புள்ளிகள் சிதறி விழுமளவுக்கு மட்டும் இலைகளை நீக்குக. ஐயமுள்ளவர்கள் ஒரு வரிசையை இலை கிள்ளாது விட்டு, இவ்வறுவடையில் மட்டுமன்றி அடுத்ததிலும் இரண்டையும் நிறுத்துப் பார்த்தல் நலம்.