ரன்வே போட்டா போதுமா?

ஹாஸ்டல் கட்டி, பசங்க குடிவந்த பிறகு 'தண்ணிக்கு என்ன பண்றது?'ன்னு யோசிச்சா எப்படி இருக்கும்? காலேஜ்னா லாரித் தண்ணியில ஒப்பேத்திடலாம். ராணுவத் தளம்னா முடியுமா? அதனாலதான் பல வருஷத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு மாஸ்டர் பிளான் போடுறாங்க.

அந்த பிளான்ல என்ன இருக்கணும்னு காரைக்கால் மக்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை, நம்ம மீனவ கிராமங்களுக்குள் புகுந்த அதே சுனாமி, கார் நிகோபார் விமானப்படைத் தளத்தையும் தாக்கியது. கடலோரம் இருந்த குவார்ட்டர்ஸ் அடித்துச் செல்லப்பட்டன. வீரர்களும் குடும்பத்தினருமாக 100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால், ஓடுதளத்தில் சேதமாகாமல் மிஞ்சிய பகுதியில் நிவாரண விமானங்கள் இறங்கின. விமானம் எங்கே நிற்கணும் என்பதைவிட, குழந்தைகள் எங்கே தூங்கணும் என்பதுதான் பெரிய கேள்வி!

சரி, நமக்குப் பக்கத்துல? தஞ்சாவூர் போங்க. இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் அது. 2013 மே மாதம் அதை விமானப்படைத் தளமாக அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி திறந்து வைத்தார். சுகோய்-30 விமானங்களுடன் 222-வது ஸ்குவாட்ரன் அங்கே வந்து சேர்ந்தது 2020 ஜனவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஏழு வருஷம்!

ஏன் இவ்வளவு நாள் எடுக்கும்? விமானம் மட்டும் வந்தால் போதாதே. எரிபொருள் கிடங்கு வேணும். குண்டுகள் வைக்கும் கிடங்கு வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கணும். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், குடிதண்ணி வேணும். டெல்டா மழையில் தண்ணி வடியவும் வழி வேணும்.

வேலிக்கு வெளியேயும் விஷயம் இருக்கு. பக்கத்துல குப்பை கொட்டினா பறவைகள் வரும். ஒரு பறவை என்ஜின்ல புகுந்தா விமானியின் உயிருக்கே ஆபத்து. பாதுகாப்புத் தளங்களைச் சுற்றிக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்க 1903-லேயே சட்டம் வந்தாச்சு. அதனால் பாதிக்கப்படும் நிலத்துக்காரருக்கு நஷ்ட ஈடு தரணும்னும் அதே சட்டம் சொல்லுது. மாடி கட்ட ஆசைப்படுற விவசாயியும் அந்த வரைபடத்துல ஒரு புள்ளிதான். அவரை மறந்த பிளான் கோர்ட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

சிவில் படிக்கிறீங்களா? யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வு எழுதி மிலிட்டரி இன்ஜினீயர் சர்வீஸில் சேரலாம். எந்த டிகிரியா இருந்தாலும், சிவில் சர்வீஸ் தேர்வு வழியா ராணுவ நிலங்களைக் கவனிக்கும் டிஃபன்ஸ் எஸ்டேட்ஸ் சர்வீஸுக்குப் போகலாம். துப்பாக்கி தூக்காமலே நாட்டைக் காக்கிற வேலை இது. ஸ்கேலும் பென்சிலும் கையில் எடுக்கும்போது, அந்த டிசம்பர் காலையை மட்டும் மறந்துடாதீங்க!