தைப்பிங் மழையும் பாகற்காய் ஈயும்

பாகற்காயை அறுக்கிறீர்கள். வெளியே பச்சைப்பசேல் என்று இருக்கிறது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. தோலை உற்றுப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஒரு சிறு புள்ளி தெரியும். அம்மா முகம் சுளித்து அந்தக் காயைக் கொல்லைப்புறத்தில் எறிகிறார். அந்தக் காயை மறந்துவிடாதீர்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

புள்ளியிட்டது பழ ஈ. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈ இதுவல்ல. அது வேறு குடும்பம். பாகல், பீர்க்கு, புடல், வெள்ளரி, பூசணி ஆகியவற்றைத் தாக்கும் இந்த ஈயின் அறிவியல் பெயர் சூகோடாகஸ் குகுர்பிட்டே. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். சுமார் ஒரு வாரத்தில் வளர்ந்த புழு, உடலை வளைத்து வில் போலத் துள்ளிக் காயை விட்டு வெளியேறும். பிறகு மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புகுந்து கூட்டுப்புழுவாகும். இன்னும் பத்து நாளில் புதிய ஈ பறக்கும்.

இனி பருவத்துக்கு வருவோம். வட இந்தியாவில் கடுங்குளிர் ஈயின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். தைப்பிங்கில் அந்தக் குளிர் கிடையாது. பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் ஈயின் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது?

மழையும் உணவும்தான் காரணம். புக்கிட் லாருட் அடிவாரத்தில் இருக்கும் இவ்வூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மாலை எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் என்பார்கள்! மேற்குக் கரையில் பொதுவாக ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மழை கூடும். ஈரப்பதமான மண் கூட்டுப்புழுவுக்கு நல்லது. வறண்ட மண்ணில் அது காய்ந்துபோகும். ஆனால் வாய்க்கால் நிரம்பி, பாத்தியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் மூச்சுமுட்டிச் சாகும். ஆக, மழை ஈக்கு நண்பனா பகைவனா என்பது அளவைப் பொறுத்தது. மழை சரியாக இருந்தாலும் பந்தலில் பிஞ்சு இல்லாவிட்டால் முட்டையிட இடமில்லை. பந்தல் நிறையக் காய்த்து மூன்று வாரம் கழித்தே ஈக்கூட்டம் பெருகும். விவசாயி விழித்துக்கொள்ளும்போது முந்தைய தலைமுறை வேலையை முடித்திருக்கும்.

இதை அளக்கப் பொறி வைக்கிறார்கள். கியூலூர் என்ற வாசனைப் பொருள் ஆண் ஈக்களை இழுக்கும். இங்கே ஒரு சிக்கல். கனமழை பெய்த வாரத்தில் பொறியில் ஈ குறைந்தால் ஈக்கள் செத்துவிட்டன என்று பொருளா? இல்லை; இலைக்கடியில் பறக்காமல் பதுங்கியும் இருக்கலாம். எனவே ஈயை மட்டும் எண்ணாமல் மழையளவையும் புள்ளி விழுந்த பிஞ்சுகளையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அறிவியல் விழாவுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? இதோ ஒன்று.

பெண் ஈயைப் பிடிக்க வேறு வழி வேண்டும். முட்டை முதிர அதற்குப் புரதம் தேவை. அதனால்தான் தமிழ்நாட்டில் நனைத்த கருவாட்டுத் தூளைப் பொறியில் வைக்கிறார்கள். நாற்றம் தாங்காது, ஆனால் வேலை செய்யும். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் மலடாக்கப்பட்ட ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993இல் இந்த ஈயையே ஒழித்துவிட்டார்கள். இந்த வேலைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நம் கொல்லைக்கு அது சரிப்படாது.

காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. பிஞ்சாக இருக்கும்போதே காகித உறை மாட்டினால் ஈ தொட முடியாது.

சரி, கொல்லையில் எறிந்த காய்? அதிலுள்ள புழுக்கள் ஈர மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அத்தகைய காயைத் தடித்த கறுப்பு நெகிழிப் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் வையுங்கள். தைப்பிங்கில் வெயில் கிடைக்காத வாரமென்றால் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்குங்கள்.