கதிர்வீச்சின் அளவைக் காட்டும் சாயப் படலங்கள்

காமாக் கதிர்களால் கிருமி நீக்கம் செய்யப்பெற்ற சிரிஞ்சு ஒன்றையும், செய்யப்பெறாத மற்றொன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வேற்றுமை எதுவும் புலப்படாது. உறையைப் பிரித்துக் கிருமிப் பரிசோதனை செய்யலாமெனில், அவ்வாறு சோதித்த சிரிஞ்சு பின்னர் எவருக்கும் பயன்படாது. ஆகவே, பெட்டி உட்கொண்ட கதிர்வீச்சின் அளவை ஐயத்திற்கிடமின்றி அறிதல் இன்றியமையாதது. அளவு குறைந்தால் கிருமி பிழைத்து நோயாளியின் உடலிற் புகும். மிகுந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை எய்தும்.

ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பின், அஃது ஒரு 'கிரே' எனப்படும். பழைய அலகில் இது 100 ராட். டிராம்பேயில் 1974-ல் தொடங்கப்பெற்ற ஐசோமெட் போன்ற நிலையங்களில் கோபால்ட்-60 இதற்குப் பயன்பட்டது. மருத்துவப் பொருள்களுக்கு நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் அளவு 25 கிலோகிரே. இவ்வளவு ஆற்றலும் நீரின் உஷ்ணநிலையைச் சுமார் 6 பாகை சென்டிகிரேடே உயர்த்தும் என்பது வியப்பன்றோ? ஆய்வுக்கூடத்தில் இதனைக் கொண்டே அளவிடலாம். நகர்ந்து செல்லும் பெட்டிகளினிடையே அது எளிதன்று.

1927-ல் பிரிக் என்பார் விவரித்த இரும்புக் கரைசல் இன்றும் மதிப்புடையது. கதிர்பட்டதும் பெரஸ் அயனி பெரிக் அயனியாக மாறுகிறது. ஆனால், சுமார் 400 கிரேக்கு மேல், கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துபோவதால், வழக்கமான இக்கரைசல் பயன்படாது. வெங்காயம் முளைவிடாமற் காக்கும் சிறு அளவிற்கு இது தக்கது, சிரிஞ்சுக்கு உதவாது.

இக்குறையை நீக்கவே சாயமேற்றிய பிளாஸ்டிக்குகள் தோன்றின. நீலச் செலோபேன் கதிர்பட்டு வெளுக்கும். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் உருவான சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ், 5 முதல் 50 கிலோகிரே வரை படிப்படியாகக் கருமையடையும். மற்றொரு வகையில், நைலான் படலத்தில் நிறமற்ற சாய மூலம் கலக்கப்படுகிறது. கதிர்வீச்சு அம்மூலக்கூறிலிருந்து சயனைடுத் தொகுதியைப் பிரித்துவிட, எஞ்சிய பகுதி ஆழ்ந்த நீலமாகிறது. நிறமாற்றத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை. குறித்த அலைநீள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது எனக் கருவியால் அளந்து, அதனைத் துண்டின் கனத்தால் வகுக்கின்றனர். கனத்தால் வகுப்பது ஏன்? கண்ணாடித் தம்ளரில் சிறிது சாயநீரை ஊற்றிப் பக்கவாட்டிலும், பின் மேலிருந்து ஆழம் நோக்கியும் பார்க்கச் செய்தால், மாணவர்கள் காரணத்தைத் தாமே கூறிவிடுவர்.

சாயத்தைக் கண்டுபிடித்தலினும் அதை நம்பத்தக்கதாக்குதலே கடினமாயிற்று. படலத்திலுள்ள ஈரம் மாறினால் நிறமும் மாறும். கதிர்பட்டபோதிருந்த உஷ்ணநிலையும் அவ்வாறே. சூரியவொளியிலும் விளக்கொளியிலுமுள்ள புறவூதாக் கதிர்கள் பொய்யான நிறத்தை உண்டாக்கும். தோன்றிய நிறமும் நாட்போக்கில் மங்குவதுண்டு. எனவே, தக்க ஈரநிலைக்குக் கொணர்ந்த துண்டுகளை ஒளியும் ஈரமும் புகாத உறைகளில் அடைத்து வைக்கின்றனர். ஒரு தொகுதியில் வார்த்த தகடு அடுத்த தொகுதியினதை ஒத்திராது. ஆகையால் தொகுதிதோறும் தெரிந்த அளவுகளைக் கொடுத்து அளவுக்கோடு வரைதல் வேண்டும். அதுவும் குளிர்ந்த ஆய்வறையில் வரைந்தால் போதாது. நிலையத்தின் வெப்பத்தில் சரிபார்த்தாலன்றி நம்புதற்கில்லை.

பெட்டிகளின்மீது ஒட்டும் மஞ்சள் வில்லை கதிர்பட்டுச் சிவப்பதைக் கண்டு, அதனையே அளவுமானியெனக் கொள்வாருளர். அது பெட்டி கதிரறை சென்று மீண்டதை மட்டுமே அறிவிக்கும். 5 கிலோகிரே ஏற்றதா, 25 ஏற்றதா என்று அறிவிக்காது. அளவு காட்டும் துண்டுகளைப் பெட்டியின் உள்ளே, மிகக் குறைந்த கதிரும் மிக அதிகக் கதிரும் படுமென முன்னரே அறிந்த இடங்களில் வைத்தல் வேண்டும். கோபால்ட்-60-இன் வலிமை மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு சதவீதம் தேய்கிறது. சென்ற ஆண்டு போதுமாயிருந்த நேரம் இவ்வாண்டு போதாது. பெட்டிகளின் வேகத்தை எவ்வளவு குறைப்பதென்பது கணக்கால் தெரியும். குறைத்தது சரிதானா என்பதைத் துண்டின் நிறம் கூறும்.